எந்த மூலை முதலில் பட்டது?

எங்கள் வீட்டில் எது கீழே விழுந்தாலும் என் நாத்தனார் கேட்பது ஒரே கேள்விதான். "எந்த மூலை முதல்ல பட்டுச்சு?"

தட்டு விழுந்தாலும் அதே கேள்வி, செல்போன் விழுந்தாலும் அதே கேள்வி. உடைந்ததா என்று கேட்க மாட்டாள். விழுந்த பொருளைக் கையில் எடுத்து, கட்டை விரலால் ஓரங்களைத் தடவிக்கொண்டே போவாள். விரல் ஓர் இடத்தில் நிற்கும். "இதோ, இங்கதான்" என்பாள். அதற்குப் பிறகுதான் அந்தப் பொருள் என்ன ஆனது என்ற கவலையே அவளுக்கு வரும்.

கல்யாணமாகி நான் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் மாடிப்படியில் வழுக்கி விழுந்தேன். சத்தம் கேட்டு ஓடி வந்தவள் என்னைத் தூக்கி உட்கார வைத்துவிட்டு, "அண்ணி, முதல்ல எது பட்டுச்சு? இடுப்பா, முழங்கையா?" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் பின்னாலேயே வந்து, "ஏய், முதல்ல தண்ணி குடு. விசாரணையை அப்புறம் வெச்சுக்கலாம்" என்று சத்தம் போட்டார். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் கேட்ட முதல் கேள்வியும் அதுதான். அன்றைக்கு அவள் தன் அண்ணனைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அவள் வேலை என்ன என்று எனக்குப் புரிய ரொம்ப காலம் ஆனது. நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கேட்டுத் தெரிந்துகொள்ளவும் கூச்சம். அதனால் பார்த்துப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு பொருளை முதலில் கம்ப்யூட்டருக்குள் வரைகிறார்கள். அதைக் குட்டிக் குட்டிக் கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். மீன்வலையைப் பொருள்மேல் போர்த்தின மாதிரி இருக்கும். பிறகு அதற்கு ஓர் அதிர்ச்சி கொடுக்கிறார்கள். கீழே போடலாம், இடிக்கலாம், ஒரே உலுக்காக உலுக்கலாம். எந்தக் கட்டம் எவ்வளவு வலி தாங்குகிறது என்று நிறத்தில் தெரியும். நீலம் என்றால் நிம்மதி. பச்சை, மஞ்சள் என்று ஏறிக்கொண்டே போய்ச் சிவப்பில் நிற்கும். சிவப்பு வந்தால் அந்த இடம் வளையும், இல்லை உடையும். கண் சிமிட்டும் நேரத்துக்குள் முடிந்துவிடுகிற ஓர் இடி அது. அதைக் கணக்குப் போட அந்த இயந்திரம் ஒரு பகல் முழுக்க உறுமிக்கொண்டிருக்கும்.

என் வீட்டுக்காரர் இருசக்கர வண்டி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். அவர் அதை இப்படிச் சொல்வார்: "நான் ஒரு பொருளை உடைச்சா வாங்கிக் கட்டிக்கணும். இவ உடைச்சா சம்பளம் குடுக்குறாங்க."

"நான் உடைக்கிறதாலதான் உன் கடைக்கு வேலை கம்மியாகுது. பொறாமை" என்பாள் அவள்.

ஒரு காலத்தில் அவளைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்பட்டு ஒருவர் ஓட்டலுக்கு அழைத்துப் போனார். பேசிக்கொண்டிருக்கும்போது அவர் செல்போன் மேசையிலிருந்து விழுந்தது. அவ்வளவுதான். சாப்பாடு ஆறிப் போகிற வரைக்கும் அதன் கண்ணாடி ஏன் அந்த மூலையிலிருந்து விரிந்தது என்று விளக்கியிருக்கிறாள். அவர் மறுபடி கூப்பிடவே இல்லை. "புதுப் போன் வாங்கியிருப்பாரு, நம்பர் போயிருக்கும்" என்று அவளே சொல்லிச் சிரித்தாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை.

அவள் வேலை பார்க்கும் கம்பெனியில்தான் நானும் இருக்கிறேன். ஆஸ்பத்திரிச் சாமான்களைத் தாங்குகிற இரும்புச் சட்டங்களும் ஸ்டாண்டுகளும் செய்கிற கம்பெனி. அவள் மேலே கண்ணாடி அறையில், நான் கீழே பேக்கிங்கில். ஆள் தேவை என்று சொல்லி அவள்தான் சேர்த்துவிட்டாள். பேக்கிங்கில் எனக்குச் சத்தமில்லாத அக்கா என்று பெயர். அவளுக்கு மூலைக்காரி என்று பெயர். ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்த வருஷம் ஆம்புலன்சுக்குள் மூச்சு மெஷினை மாட்டி வைக்கிற ஒரு ஃபிரேம் வந்தது. மெல்லிய தகட்டை மடித்துச் செய்தது. வண்டி குழியில் இறங்கினாலும், திடீரென்று பிரேக் அடித்தாலும் மெஷின் கழன்று நோயாளிமேல் விழக்கூடாது. ஆனால் வேண்டுமென்கிறபோது ஒற்றைக் கையால் இழுத்தால் வந்துவிட வேண்டும். அந்த ஃபிரேம் அதிர்ச்சியைத் தாங்குமா என்று பார்க்கும் வேலை என் நாத்தனாருடையது. பார்த்தாள். எங்கும் சிவப்பு இல்லை. தாங்கும், எங்கும் வளையாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அதே சமயத்தில் அவள் பிரிவின் தலைவர் வேலையிலிருந்து ஓய்வு பெறப் போகிறார் என்ற பேச்சு வந்தது. மேனேஜர் அவளைக் கூப்பிட்டு, "இந்த ஃபிரேம் நல்லபடியா போகட்டும். அந்த நாற்காலி உங்களுக்குத்தான்" என்று சொல்லியிருக்கிறார். சம்பளம் கொஞ்சம் கூடும். அது அவளுக்குப் பெரிதில்லை. கடைசிக் கையெழுத்து அந்த நாற்காலியில் இருப்பவருடையது. அவள் கனமான தகடு போடச் சொன்ன இடத்தில், எடை கூடும் என்று மேலே உள்ளவர்கள் மெல்லிய தகடாக மாற்றியது முன்பு நடந்திருக்கிறது. "நான் சொன்னது சொன்னபடி வெளிய போகணும் அண்ணி. அது ஒண்ணுதான் எனக்கு ஆசை" என்று என்னிடம் சொன்னாள். அவள் ஆசை என்ற வார்த்தையைச் சொல்லி நான் கேட்டது அபூர்வம்.

வாங்க வருகிறவர்களுக்குக் காட்ட ஒரு படம் வேண்டும் என்றார் மேனேஜர். இடி விழுவதும் ஃபிரேம் அதிர்வதும் மெதுவாக, அழகாக ஓடுகிற படம். ஒரு விடுமுறை நாளில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அதைச் செய்துகொண்டிருந்தாள். எதிரில் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவள் வேலை செய்யும்போது வலது முழங்கால் ஆடிக்கொண்டே இருக்கும். மேசையும் சேர்ந்து ஆடும். அன்றைக்கு மேசை ஆடுவது நின்றது. நான் நிமிர்ந்து பார்த்தேன்.

படத்தைப் பின்னால் நகர்த்தினாள். முன்னால் நகர்த்தினாள். மறுபடி பின்னால். மடிப்பு ஓரத்தில் சிவப்பு ஒரு பொட்டு மாதிரி வந்து, உடனே மறைந்தது.

"அண்ணி, இது இதுக்கு முன்னாடி இல்ல" என்றாள்.

மடித்த துணியை ஓரமாக வைத்துவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். யாருக்காவது விளக்கிச் சொன்னால்தான் அவளுக்கே தெளிவாகும். அதற்கு நான் நல்ல ஆள். குறுக்கே பேச மாட்டேன்.

"ஊஞ்சல்ல ஒரு பிள்ளை ஆடுது. நீங்க விட்டு விட்டு போட்டோ எடுக்குறீங்க. நீங்க எடுக்குற நேரமெல்லாம் ஊஞ்சல் கீழ இருக்குற நேரமா அமைஞ்சு போச்சு. அப்புறம் அந்த போட்டோவை மட்டும் பார்த்தா என்ன நினைப்பீங்க?"

"பிள்ளை உயரமாவே போகலன்னு."

"அதேதான் அண்ணி. கம்ப்யூட்டர் எல்லாத்தையும் சரியாத்தான் கணக்குப் போடுது. ஆனா எல்லாத்தையும் சேர்த்து வெச்சா இடம் அடைக்கும்னு, விட்டு விட்டு சில படத்தை மட்டும் சேமிக்கச் சொல்லுவோம். எவ்வளவு விட்டு எடுக்கணும்னு நான் பழைய வேலையில வெச்சிருந்ததை அப்படியே இதுக்கும் போட்டுட்டேன். அது கனமான பெட்டி, மெதுவா ஆடும். இது லேசு, விறைப்பு. படபடன்னு ஆடுது. உச்சத்துக்குப் போனது ரெண்டு போட்டோவுக்கு நடுவுல விழுந்துடுச்சு. இன்னைக்கு அழகா ஓடணுமேன்னு நெருக்கமா சேமிச்சேன். மாட்டிக்கிச்சு."

மூடியிருந்த வாயைத் திறந்து நான் ஒன்றுதான் கேட்டேன். "அப்போ உடைஞ்சிடுமா?"

"உடையாது. சோதனையில தாங்கினாலும் தாங்கும். அதான் எனக்குப் பயமா இருக்கு."

எனக்குப் புரியவில்லை என்பது முகத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். அவள் மெதுவாகச் சொன்னாள். கீழே சோதனைக் கொட்டகையில் நிஜ ஃபிரேமை வைத்து நிஜமாகவே அதிர வைக்கப் போகிறார்கள். அதில் தாங்கிவிட்டால் அவளுடைய அறிக்கை சரி என்றாகிவிடும். தப்பு யாருக்கும் தெரியாது. நாற்காலியும் வந்துவிடும். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

அப்போது என் வீட்டுக்காரர் கடையிலிருந்து வந்தார். "என்ன, ரெண்டு பேரும் எழவு வீடு மாதிரி உட்கார்ந்திருக்கீங்க?" என்றார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, கை கழுவிக்கொண்டே, "உடையாதுன்னு நீயே சொல்ற. அப்புறம் ஏன் தலையைக் குடுக்குற? விட்டுத் தொலை" என்றார்.

"அண்ணா, உன் கடைக்கு விழுந்த வண்டியெல்லாம் உடைஞ்சா வருது?"

அவர் குழாயை மூடினார். "இல்ல. முக்காவாசி ஓட்டிட்டுத்தான் வருவாங்க. வண்டி ஒரு பக்கமா இழுக்குது, என்னன்னு பாருங்கன்னு சொல்லுவாங்க. எப்பவோ விழுந்ததுல முன்சக்கரத்தைப் பிடிக்கிற ஃபோர்க் லேசா வளைஞ்சிருக்கும். அவங்களுக்கே தெரியாது."

"அதைத்தான் நான் சொல்றேன்."

அவர் துண்டால் கையைத் துடைத்தார், ரொம்ப நேரம் துடைத்தார். "அப்போ சொல்லிடு. திட்டு வாங்குறது நம்ம குடும்பத்துக்குப் புதுசா என்ன?" என்றார்.

மறுநாள், சோதனைக்கு வேண்டிய பஞ்சுத் துண்டுகளைக் காட்டி ஒப்புதல் வாங்க நான் மேலே போயிருந்தேன். மேனேஜர் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. என் நாத்தனார் நின்றுகொண்டிருந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை போலிருக்கிறது, நாற்காலி பின்னால் இழுத்தபடி இருந்தது.

"நீங்களே தாங்கும்னு கையெழுத்து போட்டீங்க. இப்ப நீங்களே தப்புன்னு வந்து நிக்கிறீங்க. வாங்கறவங்க நாளைக்கு வர்றாங்க. நான் எந்தப் பேச்சை எடுத்துக்கறது?"

"இன்னைக்குச் சொன்னதை எடுத்துக்கோங்க சார்."

அவர் கெட்டவர் இல்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "டெஸ்ட் நடக்கட்டும். தாங்கிடுச்சுன்னா இந்தப் பேச்சு இந்த ரூமோட இருக்கட்டும்."

"தாங்கினா அளந்து பார்க்கணும் சார்."

"அளந்துக்கோங்க. யார் வேண்டாம்னாங்க?"

சோதனைக் கொட்டகை எங்கள் பேக்கிங் இடத்தை ஒட்டியே இருக்கிறது. இரண்டு தூண்களுக்கு நடுவில் ஒரு கனத்த இரும்பு மேசை. அதை உயரத் தூக்கி, ரப்பர் கட்டைகளின் மேல் விட்டுவிடுவார்கள். மேசைமேல் மாட்டியிருக்கிற பொருளுக்கு வேண்டிய அளவில் அதிர்ச்சி கிடைக்கும். அதை ஓட்டுகிறவர் மேசையை விடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் "காது!" என்று கத்துவார். எல்லோரும் காதைப் பொத்திக்கொள்வோம். அதனால் அவர் பெயரே காதுக்காரர் ஆகிவிட்டது.

அடுத்த நாள் சோதனையைப் பார்க்க, வாங்குகிறவர்கள் பக்கத்திலிருந்து ஒரு நர்ஸ் அம்மா வந்திருந்தார். ஆம்புலன்சிலேயே பல வருஷம் ஓடியவராம். கொட்டகைக்குள் வந்ததும் ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். தரை ஆடாத இடத்திலும் அவருக்கு அப்படித்தான் நிற்க வந்தது.

சோதனைக்கு முன் என் நாத்தனார் ஃபிரேமைச் சமமான கல்மேசையில் வைத்தாள். முடி மாதிரி மெல்லிய ஓர் அளவுத் தகட்டை அதன் அடியில் சுற்றி நுழைத்துப் பார்த்தாள். எங்கும் நுழையவில்லை. "இதை எல்லாரும் பார்த்துக்கோங்க" என்றாள். யாரும் பெரிதாகப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

பிறகு "காது!" என்ற குரல் வந்தது. நெஞ்சுக்குள் ஒரு கதவை அறைந்து சாத்தின மாதிரி இருந்தது. மறுபடியும் தூக்கினார்கள், மறுபடியும் "காது!" ஃபிரேமைத் திருப்பி மாட்டினார்கள். பக்கவாட்டில், தலைகீழாக, எல்லா வாக்கிலும். அதில் மாட்டியிருந்த மூச்சு மெஷின் கழலவில்லை. விரிசல் இல்லை. நர்ஸ் அம்மா போய் ஒற்றைக் கையால் இழுத்தார். வழுக்கிக்கொண்டு வந்தது.

காதுக்காரர் கையுறையைக் கழற்றினார். "என்னம்மா மூலைக்காரி, உன் கம்ப்யூட்டர் ரொம்ப பயந்த சுபாவமோ?" என்றார். மேனேஜர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஒரு பெரிய பாரம் இறங்கியது தெரிந்தது. என் நாத்தனாரும் சிரித்தாள். சிரித்தபடியே ஃபிரேமைக் கழற்றிக் கல்மேசைக்குக் கொண்டுபோனாள்.

மண்டியிட்டு உட்கார்ந்து தகட்டை நுழைத்தாள். முன்பக்கம் நுழையவில்லை. வலது பக்கம் நுழையவில்லை. பின்னால் இடது மூலையில் தகடு சத்தமில்லாமல் உள்ளே போனது.

மேனேஜர் குனிந்து பார்த்தார். "இவ்வளவுதானே? அனுமதிச்ச அளவுக்கு உள்ளதான் இருக்கு" என்றார் தாழ்ந்த குரலில். அது உண்மைதான். அவளும் இல்லையென்று சொல்லவில்லை. தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

அவள் அப்படியே விட்டிருக்கலாம். சோதனையில் தேறிவிட்டது.

நர்ஸ் அம்மாதான் கேட்டார். "அங்க என்ன பார்த்தீங்க?"

"ஒண்ணும் இல்லம்மா, வழக்கமா பார்க்குறது..." என்று மேனேஜர் ஆரம்பித்தார்.

"வளைஞ்சிருக்கும்மா" என்றாள் என் நாத்தனார். "ரொம்பக் கொஞ்சம். விதிப்படி இது பாஸ்தான். ஆனா சோதனைக்கு முன்னாடி வளையவே வளையாதுன்னு எழுதிக் குடுத்தவ நான். அது தப்பு. என் கணக்குல உச்சத்தை நான் பார்க்காம விட்டுட்டேன். ஒரு நாள் அடிக்கு இது தாங்கும். தினமும் அடி வாங்கினா இந்த மூலை இன்னும் இன்னும் இறங்கும். ஒரு நாள் நீங்க இழுக்கும்போது மெஷின் வராது. இல்ல, இழுக்காமலே வரும்."

நர்ஸ் அம்மா கம்பியை விட்டுவிட்டு மேசைக்கு வந்தார். தகட்டை வாங்கி அவரே நுழைத்துப் பார்த்தார்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு அடி விழும்னு கணக்கு வெச்சிருக்கீங்க?"

"அதை நீங்கதான்மா சொல்லணும்."

"எங்க ரோட்டுலயா?" என்று அவர் சிரித்துவிட்டார். "வந்து ஒரு நாள் பின்னாடி உட்காருங்க. இடுப்பு சொல்லும்." பிறகு சிரிப்பை நிறுத்திக் கேட்டார். "சரி, இப்ப என்ன செய்யணும்?"

"இந்த மடிப்புல ஒரு சின்ன குறுக்குத் தகடு வெச்சுப் பத்தவைக்கணும். எடை ஒரு கரண்டி அளவுதான் கூடும். ஆனா அனுப்புறது தள்ளிப் போகும்."

"போகட்டும். பாதி வழியில கழண்டு வந்தா அதைக் கையில பிடிக்கப் போறது இவர் இல்ல, நான்" என்று மேனேஜரைக் காட்டினார்.

நர்ஸ் அம்மா போன பிறகு மேனேஜர் அவளிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. "செஞ்சது சரிதான். ஆனா வந்தவங்க முன்னாடியா?"

"அவங்கதான் சார் கேட்டாங்க."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் படியேறிப் போனார்.

நாற்காலி அவளுக்குக் கிடைக்கவில்லை. வேறு பிரிவிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். அந்தச் செய்தி வந்த அன்று அவள் வழக்கம்போல வீட்டுக்கு வந்தாள், வழக்கம்போலச் சாப்பிட்டாள், கடைசியாகச் சொன்னாள். என் வீட்டுக்காரர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். "உண்மையைச் சொன்னவளுக்கு இதுவா? நான் வந்து அந்த ஆளை நாலு வார்த்தை கேட்கறேன்."

"உட்காருண்ணா. என்ன கேட்பே? உன் வண்டிக்கு எண்ணெய் மாத்தினியான்னா?" என்றாள். பிறகு, "அவங்க பக்கமும் நியாயம் இருக்கு. தப்பு என்னோடது. பழைய அளவை யோசிக்காம எடுத்துப் போட்டது நான்தான். சொன்னது சரிங்கறதுக்காகத் தப்பு இல்லாம போயிடுமா?" என்றாள்.

அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் நான் பாத்திரம் கழுவும்போது என் கையிலிருந்து ஒரு மூடி நழுவித் தரையில் விழுந்து, சுற்றிச் சுற்றிச் சத்தம் போட்டு அடங்கியது. அவள் ஒன்றும் கேட்கவில்லை. இத்தனை வருஷத்தில் அவள் கேட்காமல் விட்டது அன்றைக்குத்தான். நான் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு மூடியை எடுத்துக்கொண்டு அவள் அறை வாசலில் போய் நின்றேன்.

"பிடி பக்கம்தான் முதல்ல பட்டுச்சு" என்றேன்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினாள். விளிம்பைக் கட்டை விரலால் சுற்றித் தடவினாள். "இல்லண்ணி, விளிம்பு. இதோ, இங்க. பிடி ரெண்டாவது" என்றாள்.

இப்போது அவள் அதே கண்ணாடி அறையில், பிரிண்டருக்குப் பக்கத்தில் உள்ள அதே மேசையில்தான் இருக்கிறாள். கடைசிக் கையெழுத்து இன்னொருவருடையது. அவர் இதுவரை அவள் சொன்ன தகடுகளில் ஒன்றை மெலிதாக்கியிருக்கிறார், மற்றவற்றை அப்படியே விட்டிருக்கிறார். ஒவ்வொரு புது வேலையிலும் படத்தை எவ்வளவு நெருக்கமாகச் சேமிப்பது என்பதை அவள் முதலில் முடிவு செய்கிறாள், பக்கத்து மேசைக்காரர்களும் அவளிடம் கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்கிறார்கள். ஆம்புலன்ஸ் ஃபிரேம் குறுக்குத் தகட்டோடு போய்க்கொண்டிருக்கிறது. அதைப் பெட்டியில் வைத்து மூலைகளுக்குப் பஞ்சு கொடுப்பது நான்.